பக்கத்து வீட்டுக்குக் கேட்காத பியானோ

டிஜிட்டல் பியானோ வாங்கக் கடைக்குப் போனால், விற்பவர் முதலில் 88 கட்டைகளைக் காட்டுவார். அடுத்து எத்தனை வகை ஒலி இருக்கு, புளூடூத் இருக்கா, ஆப் இருக்கா என்று பேச்சு போகும். அவர் காட்ட மறக்கிற ஒன்று பெரும்பாலும் கட்டைகளுக்குக் கீழே ஓரமாக இருக்கும். ஒரு சின்னத் துளை. ஹெட்போன் செருகுகிற இடம். அதில் வயரைச் செருகின அடுத்த நொடி அறையில் சத்தம் நின்றுபோகும். உங்க காதுக்குள்ள மட்டும் பியானோ கேட்கும்.

இன்றைய எபிசோட் அந்தத் துளையைப் பற்றித்தான். சிரிக்காதீங்க. பியானோவின் 300 வருஷக் கதையில் பெரிய திருப்பங்களில் அதுவும் ஒன்று என்பது என் கட்சி. கதையைச் சொல்லிக்கிட்டே, வீட்டில் இந்த வாத்தியத்தை எப்படி வைக்கணும், எதைக் கவனிக்கணும் என்பதையும் நடுநடுவே சொல்றேன். ஏன்னா இதில் இருக்கிற ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் ஏதாவது ஒரு பழைய பிரச்சினை இருக்கு.

முதலில் ஒரு மொட்டைமாடி அறைக்குப் போவோம். ஜெர்மனியில் ஹாலே என்ற ஊர். 1685ல் அங்கே பிறந்த ஹாண்டலின் அப்பா ஒரு அறுவை வைத்தியர். பையன் சட்டம் படிக்கணும், சங்கீதம் சோறு போடாது என்பது அவர் முடிவு. வீட்டில் வாத்தியமே கூடாது. (எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கா?) 1760ல், ஹாண்டல் இறந்த அடுத்த வருஷம், ஜான் மெயின்வேரிங் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு கதை வருகிறது. சின்னப் பையன் ஹாண்டல் ஒரு கிளாவிகார்டை யாருக்கும் தெரியாமல் வீட்டின் உச்சி அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டானாம். வீடே தூங்கின பிறகு மேலே ஏறிப் போய் வாசிப்பானாம்.

கதை எவ்வளவு நிஜம் என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் கதை நம்பும்படியாகத்தான் இருக்கிறது. அதற்குக் காரணம் அந்த வாத்தியம். கிளாவிகார்டு என்பது மேஜை மேல் வைக்கக்கூடிய ஒரு பெட்டி. கட்டையை அழுத்தினால் ஒரு சின்னப் பித்தளைத் தகடு மேலே போய்க் கம்பியைத் தொடும். கட்டையில் விரல் இருக்கும் வரை தகடு கம்பியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சத்தம் அவ்வளவு மெல்லிசு. பக்கத்தில் நின்று ஒருவர் பேசினாலே அமுங்கிப்போகும். கூட ஒரு அதிசயம்: அழுத்தின விரலைக் கொஞ்சம் அசைத்தால் சுரமும் அசையும். அதாவது லேசாக ஒரு கமகம் கொடுக்கலாம். பின்னால் வந்த பியானோவில் அந்த வசதி போயே போச்சு.

அந்தக் காலத்தில் சபையில் வாசிக்க ஹார்ப்சிகார்டு இருந்தது. அது கம்பியை மீட்டுகிற வாத்தியம். நல்ல சத்தம், ஆனால் மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே அளவு சத்தம். கிளாவிகார்டில் உணர்ச்சி இருந்தது, சத்தம் இல்லை. ஹார்ப்சிகார்டில் சத்தம் இருந்தது, ஏற்ற இறக்கம் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தவர் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபரி. இத்தாலியின் ஃபிளாரன்ஸில் மெடிச்சி குடும்பத்தின் வாத்தியங்களைப் பார்த்துக்கொண்டவர். 1700ம் வருஷத்து அரண்மனைப் பட்டியல் ஒன்றில், மென்மையாகவும் பலமாகவும் ஒலிக்கும் ஒரு வாத்தியம் என்று அவர் செய்ததைக் குறித்திருக்கிறார்கள். இத்தாலிய மொழியில் மென்மைக்கு ‘பியானோ’, பலத்துக்கு ‘ஃபோர்த்தே’. பெயர் முழுசாக ‘பியானோஃபோர்த்தே’. நாம் பின்பாதியை விட்டுவிட்டோம். அவர் செய்ததில் மூன்று இன்றும் இருக்கின்றன: நியூயார்க்கில் 1720ல் செய்தது, ரோமில் 1722ல் செய்தது, லைப்ஸிக்கில் 1726ல் செய்தது.

கிறிஸ்டோஃபரி செய்த வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும், ஏன்னா டிஜிட்டல் பியானோ சாத்தியமானதே அதனால்தான். கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கும். அடித்துவிட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டால் கம்பி அதிராது, தொப்பென்று அடங்கிவிடும். அதனால் அவர் ஒரு பொறி வைத்தார். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே சுத்தியல் கட்டையிலிருந்து விடுபட்டுவிடும். மிச்ச தூரத்தை அது தானாகப் பறந்து போய் அடித்துவிட்டுத் திரும்பி விழும். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற மாதிரி. விரலை விட்டுப் போன பிறகு அதை நீங்க ஒண்ணும் செய்ய முடியாது. எவ்வளவு வேகமாகச் சுண்டினீங்க என்பது மட்டும்தான் கணக்கு. இந்த ‘வேகம் மட்டும்’ என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

அடுத்த 150 வருஷத்தில் பியானோ வளர்ந்த திசை ஒன்றே ஒன்றுதான். சத்தம். அரண்மனை அறையிலிருந்து டிக்கெட் வாங்கிப் போகும் பெரிய அரங்கத்துக்குச் சங்கீதம் வந்தது. பின் வரிசைக்காரருக்கும் கேட்கணும். லிஸ்ட் மாதிரி ஆட்கள் மேடையிலேயே கம்பியை அறுத்தார்கள். கம்பி தடிக்க வேண்டியிருந்தது, தடித்த கம்பியை இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது, மரச்சட்டம் அதைத் தாங்கவில்லை. 1825ல் பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பாகச் செய்த இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய பெரிய பியானோ ஒன்றில் 230 கம்பி போல இருக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு சுமார் 20 டன். அந்த மேடைப் பியானோவின் எடை அரை டன்னை நெருங்கும். வீட்டுக்காக நெட்டுக்குத்தலாக நிறுத்திய அப்ரைட் பியானோவே 200 கிலோவைத் தாண்டும்.

அந்த அப்ரைட்தான் 19ம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் வந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணத் தகுதிகளில் ஒன்றாகப் பியானோ வாசிப்பு சேர்ந்தது. இங்கே வீணையும் பாட்டும் இருந்த இடம் அது. வெள்ளைக்காரர்கள் பின்னாலேயே பியானோ மதராஸுக்கும் வந்தது. இன்று அண்ணா சாலையில் இருக்கும் மியூஸி மியூசிக்கல் 1842ல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கின கடை. ஆனால் நம்ம ஊர்க் காற்று பியானோவுக்கு எதிரி. கம்பிகளின் அதிர்வைப் பெரிதாக்குவது உள்ளே இருக்கும் மெல்லிய ஒலிப்பலகை. ஈரப்பதம் ஏறினால் அந்த மரம் உப்பும், கம்பி இறுகும், சுருதி ஏறும். வெயிலில் காய்ந்தால் இறங்கும். பசை விட்டுப்போகும். இதற்காகவே இங்கிலாந்துக் கம்பெனிகள், வெப்ப நாடுகளுக்கு என்று பசையை மட்டும் நம்பாமல் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய பியானோக்களைத் தனியாகச் செய்து அனுப்பின. அதற்கப்புறமும் டியூனர் வந்துகொண்டே இருக்கணும். ஆக, வீட்டில் பியானோ என்றால் தனி அறை, தனி ஆள், தனிப் பணம். யாருடைய வீட்டில் அது இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்தத்துக்கு எதிர்த்திசையில் போன முதல் ஆட்களில் எனக்குப் பிடித்தவர் ஹெரால்ட் ரோட்ஸ். அமெரிக்கர், பியானோ வாத்தியார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவ விமானப் படையில் இருந்தார். ஆஸ்பத்திரியில் அடிபட்டுப் படுத்திருக்கும் வீரர்களுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். படுக்கையில் இருப்பவரைப் பியானோவுக்கு எப்படிக் கூட்டிப் போவது? பியானோவைத்தான் படுக்கைக்குக் கொண்டுவரணும். விமானத்துக்கான அலுமினியக் குழாய்களை வெட்டிக் கம்பிக்குப் பதில் வைத்தார். 29 கட்டை, மடியில் வைத்து வாசிக்கும் அளவு. அடுத்த படுக்கைக்காரரை எழுப்பாத பியானோ. போர் முடிந்த பிறகும் அவர் இதை விடவில்லை. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஜாஸிலும் ராக்கிலும் பிறகு உலகம் முழுக்கச் சினிமா பாட்டிலும் கேட்ட ‘ரோட்ஸ்’ பியானோ. அந்த மணி மாதிரியான இனிமையான ஒலி உங்களுக்கு நிச்சயம் தெரியும், பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம்.

1950களின் நடுவில் உர்லிட்சர் கம்பெனியின் மின்சாரப் பியானோ வந்தது. இதில் சுத்தியல் அடிப்பது சின்ன எஃகுப் பட்டைகளை. அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவார்கள். ஸ்பீக்கருக்கு அனுப்ப முடிந்தால் ஹெட்போனுக்கும் அனுப்பலாம் இல்லையா? நம்ம துளை நிஜமாக வேலைக்கு வந்தது இங்கேதான், அதுவும் பள்ளிக்கூடத்தில். ஒரே வகுப்பறையில் வரிசையாக மாணவர் பியானோக்கள், ஆளுக்கு ஒரு ஹெட்போன். வாத்தியார் தன் இடத்திலிருந்து ஒவ்வொருத்தர் வாசிப்பையும் தனித்தனியாகக் கேட்டு, மைக்கில் பேசித் திருத்துவார். வெளியிலிருந்து பார்த்தால் பேய் வகுப்பு. பத்துப் பிள்ளைகள் விரலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள், கட்டை தட்டும் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது.

அந்தத் துளையின் அளவே ஒரு கதை. பல பியானோக்களில் அது 6.3 மில்லிமீட்டர். உங்க போன் ஹெட்செட்டின் 3.5 மில்லிமீட்டர் முனை அதில் தொளதொள என்று ஆடும், நடுவில் ஒரு அடாப்டர் வேணும். இந்த 6.3 பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. 19ம் நூற்றாண்டின் கடைசியில் ஆபரேட்டர்கள் ஒரு லைனை இன்னொரு லைனோடு சேர்க்க வயரைச் செருகினார்களே, அந்தப் பிளக்தான். அடாப்டர் சில ரூபாய்தான். ஆனால் ‘எதுக்கு வயர், புளூடூத் ஹெட்போன் இருக்கே’ என்று மட்டும் நினைக்காதீங்க. புளூடூத்தில் சத்தம் ஒரு கணம் தாமதமாக வரும். பாட்டுக் கேட்க அது தெரியாது. கட்டையை அழுத்திவிட்டுச் சுரத்துக்காகக் காத்திருக்கும்போது தெரியும். வாசிக்கவே முடியாது.

இப்போ ஜப்பான். இந்தப் பகுதி கொஞ்சம் கனமானது, முன்னாடியே சொல்லிடறேன்.

1887ல் ஹமமட்ஸு நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ரிப்பேரான ஒரு ஆர்கனைச் சரிசெய்ய யமஹா டொரகுஸு என்பவரைக் கூப்பிட்டார்கள். சரிசெய்தவர், தானே ஒன்று செய்து பார்த்தார். 1900ல் அவர் கம்பெனி அப்ரைட் பியானோ செய்ய ஆரம்பித்துவிட்டது. அந்தக் கம்பெனிதான் பின்னாடி பைக்கும் செய்தது. போருக்குப் பிறகு ஜப்பான் எழுந்தபோது இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் நடந்தன. ஒன்று, நகரங்களில் ‘தன்ச்சி’ என்ற அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. நம்ம ஹவுசிங் போர்டு காலனியை நினைச்சுக்கோங்க. சின்ன வீடு, மெல்லிய தளம், மேலே கீழே எல்லாம் குடும்பங்கள். இரண்டாவது, அந்த வீடுகளில் சம்பளம் உயர்ந்தது, பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுப்பது கௌரவமானது. மாடி அரங்கத்தின் பின் வரிசைக்கும் கேட்பதற்காக 150 வருஷம் சத்தம் ஏற்றிக்கொண்டே வந்த ஒரு வாத்தியத்தை, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் கேட்கிற ஒரு கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

1974 ஆகஸ்ட். டோக்கியோவிலிருந்து தூரமில்லாத ஹிரட்ஸுகா நகரத்துக் குடியிருப்பு ஒன்றில், கீழ் வீட்டிலிருந்து வந்த பியானோ சத்தத்தைத் தாங்க முடியவில்லை என்று மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து, அந்த வீட்டு அம்மாவையும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளையும் கொன்றுவிட்டார். நாடே உறைந்துபோனது. நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. ஜப்பானில் இதை இன்றும் ‘பியானோ கொலை’ என்றே சொல்கிறார்கள்.

எனக்கு அந்தக் கொலையைவிடத் திகைப்பாக இருப்பது பிறகு நடந்தது. நாங்களும் சத்தத்தால் வதைபடுகிறவர்கள்தான் என்று சொல்லி, கொலைகாரரின் உயிரைக் காப்பாற்றச் சிலர் மனுப் போட்டார்கள். அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பேப்பரில் பார்த்த பிறகும். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு அளவு. ஒரு குழந்தை ஸ்கேல் பழகுவது கேட்டு ஒருவருக்குக் கோபம் வருவது சரியா தப்பா என்பது ஒரு கேள்வி. அந்தக் கோபத்தைச் சொல்ல ஒரு வழியும் இல்லாத கட்டடங்களைக் கட்டியது இன்னொரு கேள்வி. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தக் கொலையால்தான் டிஜிட்டல் பியானோ பிறந்தது என்று சில வீடியோக்கள் சொல்லும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதே 1974ல் ரோலண்ட் கம்பெனி, அழுத்தும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் ஒரு எலக்ட்ரானிக் பியானோவை விற்க ஆரம்பித்துவிட்டது. அது கொலைக்குப் பதில் இல்லை, ஏற்கனவே நடந்துகொண்டிருந்த வேலை. ஆனால் ஹெட்போன் போட்டு வாசிக்கும் பியானோ ஒரு விளையாட்டுப் பொருள் அல்ல, அது வீட்டுக்குத் தேவை என்ற எண்ணம் ஜப்பானில் ஏன் அவ்வளவு சீக்கிரம் வேர் பிடித்தது என்று கேட்டால், ஹிரட்ஸுகாவை விட்டுவிட்டு என்னால் பதில் சொல்ல முடியாது. 1983ல் யமஹாவின் கிளாவினோவா வந்தது. 1993ல் அதே கம்பெனி ‘சைலன்ட் பியானோ’ கொண்டுவந்தது. நிஜமான கம்பி, நிஜமான சுத்தியல், ஆனால் ஒரு லீவரை நகர்த்தினால் சுத்தியல் கம்பியைத் தொடுவதற்கு முன் ஒரு தடுப்பு குறுக்கே வரும். சென்சார் அசைவைப் படித்து, ஒலியை ஹெட்போனுக்கு அனுப்பும். 20 டன் இழுப்பில் கட்டின கம்பிகள் எல்லாம் சும்மா இருக்கும். இதைவிட விசித்திரமான ஒரு சமரசத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, டிஜிட்டல் பியானோவுக்குள்ளே என்ன நடக்குது? இங்கேதான் கிறிஸ்டோஃபரியின் ‘வேகம் மட்டும்’ திரும்ப வருகிறது. ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் இரண்டு சென்சார். கட்டை இறங்கும்போது முதலாவது தொடப்படும், பிறகு இரண்டாவது. இடையில் எவ்வளவு நேரம் ஆச்சு என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். சுத்தியல் கடைசியில் தனியாகப் பறப்பதால், பழைய பியானோவிலும் சத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வேகம்தான். அதனால் இந்த ஏமாற்று வேலை செய்கிறது! 1983ல் வந்த மிடி என்ற பொது மொழியில் அந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண். 40 என்று வந்தால், மெதுவாக அடித்தபோது பதிவு செய்த ஒலி. 110 என்றால், ஓங்கி அடித்தபோது பதிவு செய்தது. மூன்றாவது சென்சார் இருக்கு என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், கட்டை முழுசாக மேலே வராமலேயே அதே சுரத்தைத் திரும்ப அடிக்கலாம் என்று அர்த்தம். வேகமாக வாசிக்கிறவருக்கு அது உபயோகம், முதல் வருஷ மாணவருக்கு அவ்வளவு இல்லை.

நிஜப் பியானோவின் ஒலியைக் கணினி நினைவகத்தில் அடைக்கும் வேலையில் 1984ல் வந்த கர்ஸ்வைல் 250 ஒரு மைல்கல். ரேமண்ட் கர்ஸ்வைல் அதற்கு முன்னால் பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டும் இயந்திரம் செய்தவர். அதை வாங்கிய ஸ்டீவி வொண்டரோடு நட்பு. அந்தப் பேச்சில்தான், நிஜ வாத்தியத்தின் ஒலியைக் கணினியில் அப்படியே கொண்டுவர முடியாதா என்ற கேள்வி வந்தது. பிறகு நினைவகம் மலிவானது, கதை வேகமெடுத்தது. அந்த விவரங்களில் நான் இறங்கவில்லை.

இந்தச் சரித்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் பியானோவை வைக்கும்போது என்ன பார்க்கணும்? கட்டையின் கனம்தான் முதலில். நடுவில் இருக்கும் ஒரு கட்டை இறங்க நிஜப் பியானோவில் சுமார் 50 கிராம் வேணும். இடது பக்கம் கூடும், வலது பக்கம் குறையும். அந்தச் சுத்தியல்களின் எடை அப்படி. ஸ்பிரிங் வைத்த லேசான கீபோர்டில் பழகின விரல், நாளைக்கு நிஜப் பியானோ முன்னால் திணறும். பணம் கம்மியாக இருந்தால் ஒலிகளின் எண்ணிக்கையை விட்டுக்கொடுங்க, கனத்தை விட்டுக்கொடுக்காதீங்க. 500 ஒலியில் 480ஐ நீங்க ஒரு தடவை அழுத்திச் சிரிச்சுட்டு மறந்துடுவீங்க.

சாப்பாட்டு மேஜை மேல் வைத்து வாசிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். மேஜையே 75 சென்டிமீட்டர் உயரம், அதன் மேல் பியானோவின் தடிமன். தோள் காதுக்கு ஏறிடும். முழங்கை ஏறக்குறைய கட்டைகளின் மட்டத்தில் இருக்கணும், ஸ்டூலை அதற்கேற்ப ஏற்றி இறக்குங்க. சில மாடல்களில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் கீழே பார்த்து இருக்கும், மேஜை அதையும் அடைத்துவிடும். பெடலை, பியானோவை ஆன் செய்வதற்கு முன் செருகுங்க, ஆன் ஆகும்போது காலை எடுத்துடுங்க. பல மாடல்கள் அந்த நொடியில்தான் எந்த வகைப் பெடல் என்று புரிந்துகொள்கின்றன. மிதிச்சுக்கிட்டே ஆன் செய்தால் தலைகீழாக வேலை செய்யும்.

டிரான்ஸ்போஸ் பட்டன் நம்ம ஊர்க்காரர்களுக்கு வரம். ‘அஞ்சு கட்டை’, ‘ஆறரைக் கட்டை’ என்று சுருதி சொல்கிறோமே, அந்தக் கணக்கே ஹார்மோனியத்தின் கட்டைகளை எண்ணி வந்தது. ஐந்தாவது வெள்ளைக் கட்டை ஜி, அதுதான் அஞ்சு கட்டை. பாடுகிறவர் ஐந்தரை என்றால், விரலை மாற்றாமல் பட்டனை மாற்றி நீங்க கூட வாசிக்கலாம். துணைக்கு வாசிக்க நல்லது. ஆனால் பயிற்சியில் அதைத் தொடவே கூடாது என்பது என் கொள்கை. கை ஒரு சுரத்தில், காது வேறு சுரத்தில் இருக்கப் பழகிடும்.

ஹெட்போன் சத்தத்தை எவ்வளவு வைப்பது? இது சின்ன விஷயம் இல்லை. ரொம்பக் குறைவாக வைத்தால், கேட்கவில்லையே என்று விரல் தானாக ஓங்கி அடிக்கும். சில மாதத்தில் அது வழக்கமாகிவிடும். ரொம்பக் கூட வைத்தால் கட்டையைத் தடவிக்கொண்டே வாசிப்பீங்க, காதும் கெடும். பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக் 1753ல் எழுதிய வாசிப்பு நூலில் கிட்டத்தட்ட இதே கவலை இருக்கிறது. கிளாவிகார்டில் மட்டுமே பழகினவர் ஹார்ப்சிகார்டில் தடுமாறுவார், ஹார்ப்சிகார்டில் மட்டுமே பழகினவர் கிளாவிகார்டில் தடுமாறுவார், அதனால் ஒரு வாசிப்பாளரிடம் இரண்டும் இருக்கணும் என்கிறார். இரண்டு வாத்தியம் வாங்க நமக்கு இடமும் இல்லை, காசும் இல்லை. ஹெட்போனோடு கொஞ்ச நேரம், ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் என்று மாற்றி வாசிக்கலாம்.

ஸ்பீக்கரில் வாசிக்கச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் துளையால் பெரிய லாபம் நடந்திருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை மூன்று மணிக்கு வருகிறவர், ஒரே அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கிறவர், ‘சத்தம் கூடாது’ என்று அக்ரிமென்டிலேயே எழுதி வாங்கும் ஓனர் வீட்டில் இருப்பவர், இவர்கள் யாரும் அந்த 200 கிலோ உலகத்தில் பியானோ தொட்டிருக்கவே முடியாது. ஆனால் வீட்டில் ஒருவர் பாட்டுப் பழகினால் சமையலறையிலிருந்து ‘அந்த இடம் சரியில்லை, திரும்பப் பாடு’ என்று ஒரு குரல் வரும் இல்லையா? ஹெட்போனுக்குள் அந்தக் குரல் வராது. ஒரு பிள்ளை ஆறு மாசம் ஒரே தப்பைப் பழகலாம், யாருக்கும் தெரியாது. உர்லிட்சர் வகுப்பில் வாத்தியாராவது லைனில் இருந்தார்.

இன்னொன்று, ‘கேட்காத பியானோ’ முழுக்கக் கேட்காத பியானோ இல்லை. என் வீட்டில் வைத்த அன்றே ஒரு சோதனை செய்தேன். தங்கையை மேலே ஹெட்போனோடு வாசிக்கச் சொல்லிவிட்டு, நான் கீழ் வீட்டுப் பாட்டியின் படுக்கையறையில் போய் உட்கார்ந்தேன். ஒரு சுரமும் இல்லை. ஆனால் ‘டொக், டொக்’ என்று கட்டைகள் அடியில் போய் முட்டும் சத்தம், ஸ்டாண்டின் கால் வழியாகத் தரைக்குள் இறங்கி, அவங்க கூரையில் நன்றாகவே கேட்டது. பெடல் மிதி இன்னும் பலமாக. காற்றில் வரும் சத்தத்தை ஹெட்போன் நிறுத்தும், தளத்தின் வழியாக வருவதை நிறுத்தாது. தடிமனான ரப்பர் பாய், அதன் மேல் ஒரு கம்பளம், பெடலுக்குக் கீழேயும் சேர்த்து விரித்தால் பெரும்பகுதி அடங்கும். சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு கை அளவு தள்ளி வைப்பதும் உதவும்.

பாய் விரித்த பிறகு மறுபடியும் கீழே போய்க் கேட்டேன், “பாட்டி, இப்போ எப்படி இருக்கு?” “உரல்ல இடிக்கிறது நின்னு போச்சுப்பா” என்றார். ஸ்பீக்கரில் வாசிக்க எந்த நேரம் சரிப்படும் என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தார். “ரெண்டுலேருந்து நாலரை வரைக்கும் நான் படுப்பேன். அப்ப வேண்டாம். மத்தபடி நீ சத்தமாவே வாசி. ஆனா ஒரே வரியை நாப்பது தடவை வாசிக்கிறியே, அதை மட்டும் அந்தக் காதுல மாட்டற சமாசாரத்துல வச்சுக்கோ.”

அடுத்த எபிசோடில் ஹார்மோனியம். அகில இந்திய வானொலி 1940ல் ஒரு வாத்தியத்தையே ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்த கதை.